கருப்புக்கு நேர்ந்த கானாங்கெளுத்தி

ராசாங்கம் வாயைத் திறந்தால் ஒரே வாக்கியம்தான் வரும் என்று தா.பழூர் வட்டாரத்தில் சொல்வார்கள். அதில் பொய்யில்லை. இருபத்திரண்டு வருடமாக டிவிஎஸ் எக்ஸலின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு, கும்பகோணம் மார்க்கெட்டில் மீன் எடுத்து, கொள்ளிடப் பாலத்தைத் தாண்டி வந்து, தெருத்தெருவாக அவர் கூவியது அந்த ஒன்றைத்தான். "உசுரு மீனு, உசுரு மீனு, துள்ளத் துள்ள உசுரு கானாங்கெளுத்தி." பெட்டிக்குள் கிடப்பது கடலை விட்டு ரெண்டு நாளாகி, ஐஸில் விறைத்து, கண் சிவந்த மீன். அது அவருக்கும் தெரியும், வாங்குகிறவர்களுக்கும் தெரியும். சட்டிக்குப் போகிற மீன் துள்ளினால் என்ன, துள்ளாவிட்டால் என்ன. யாரும் அதற்காகச் சண்டைக்கு வந்ததில்லை.

சாமியிடம் போய் அதையே சொல்லி வைத்தாரே மனுஷன், அங்கேதான் வந்தது வினை.

அவருடைய ஒரே மகள் கலையரசிக்கு முப்பத்தொன்று முடிந்திருந்தது. கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்து, ஊர்க்காரர்களுக்கு ஆன்லைனில் பட்டா எடுத்துக் கொடுத்து, தன் காலில் நிற்கிற பெண். குறை என்று ஒன்றும் சொல்ல முடியாது. ஆனாலும் பெண் பார்க்க வந்த பதினாலு பேரும் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள்தான். வீட்டில் மீன் வாடை அடிக்கிறதாம். தரகர் ஒளிவு மறைவில்லாமல் சொன்ன அன்று, ராசாங்கத்தின் மனைவி இருசம்மாள் ரெண்டு பாட்டில் பினாயில் வாங்கி வீடு முழுக்க ஊற்றிக் கழுவினாள். பதினைந்தாவதாக வந்தவர்கள், இது என்ன வீடா ஆஸ்பத்திரியா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அதற்கு மறுநாள் காலையில்தான் ராசாங்கம் ஊர் எல்லையில் வேம்படிக் கருப்பு கோயிலுக்கு எதிரே வண்டியை நிறுத்தி, ரெண்டு பொம்பளைகளுக்கு மீன் நிறுத்துக் கொண்டிருந்தார். கருப்பு அவருக்குக் குலசாமி. வேப்ப மரத்தடியில் அருவாளோடு நிற்கிற சாமியைப் பார்த்ததும் அவருக்கு மகள் ஞாபகம் வந்தது. தராசைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு கெடாய் வெட்டுகிறேன் என்று வேண்டிக்கொள்வதுதான் எண்ணம். வாய் அதன் பாட்டுக்கு வேறு சொல்லியது.

"கருப்பா, எம் மவளுக்கு ஒரு மாப்பிள்ளையக் கண்ணுல காட்டு. துள்ளத் துள்ள உசுரு கானாங்கெளுத்தி ஒண்ணு ஒனக்கு வெட்டி வைக்கிறேன்."

சொன்னதை அவர் கவனிக்கவே இல்லை. மீன் வாங்கின ரெண்டு பேரும் கவனித்தார்கள். கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்த பூசாரி அரியமுத்து விளக்குமாற்றை நிறுத்திவிட்டுக் கவனித்தார்.

ஆனி மாதம் மாப்பிள்ளை வந்தார். ரெட்டிபாளையத்து அறிவழகன், சிமென்ட் ஆலையில் மூட்டை பிடிக்கிற பிரிவில் வேலை. அவருக்குப் பிறவியிலேயே வாசனை தெரியாது. மல்லிகையும் ஒன்றுதான், மத்தியும் ஒன்றுதான். வந்தார், உட்கார்ந்தார், மூணு தட்டு கேசரி சாப்பிட்டார், எப்போது தேதி வைக்கலாம் என்றார். இருசம்மாள் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அறிவழகனின் அம்மா சின்னப்பிள்ளை மட்டும் கறாரான மனுஷி. எதற்கும் முறை என்று ஒன்று உண்டு என்பார். முறைப்படி ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள். பத்திரிகையைக் கலையரசியே தன் கடைக் கம்ப்யூட்டரில் போட்டு, அச்சடித்துக் கொண்டு வந்தாள்.

முதல் பத்திரிகை குலசாமி காலடியில் வைக்க வேண்டும். வைத்தபிறகுதான் மற்ற வீடுகளுக்குக் கொடுக்கலாம். மஞ்சள் தடவி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு எடுத்துக்கொண்டு போனார்கள். அரியமுத்து தாம்பாளத்தைக் கையால் தொடவில்லை. கானாங்கெளுத்தி எங்கே என்று கேட்டார்.

ராசாங்கத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்துவிட்டு, வண்டிப் பெட்டியிலிருந்து நல்லதாக ஒன்றை எடுத்து வாழை இலையில் வைத்தார். அரியமுத்து அதன்மேல் மஞ்சத்தண்ணி தெளித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கெடாய் வெட்டுகிற இடத்தில் அது வழக்கம். தண்ணீர் தெளித்தால் ஆடு உடம்பை ஒரு உலுக்கு உலுக்க வேண்டும். அதற்குப் பெயர் துலுக்குவது. துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது, வெட்டலாம். துலுக்காத ஆட்டை வெட்டக் கூடாது. ஐஸ் மீன் அரை மணி நேரம் வெயிலில் கிடந்தது. துலுக்கவில்லை. ஈ மொய்த்தது.

"கடைத்தெருவுல நீ என்னமும் கூவிக்க ராசாங்கம், அது ஒம் பொழப்பு" என்றார் அரியமுத்து. "சாமிகிட்ட உசுரு மீனுன்னு சொல்லியிருக்க. சொன்னா சொன்னதுதான்."

ராசாங்கம் விட்டாரா. மறுநாள் ஒரு கெடாயை ஓட்டிக்கொண்டு வந்தார். மீனுக்கு நூறு மடங்கு பெரிய உசுரு, சாமி கோபித்துக்கொள்ளாது என்று அவர் கணக்கு. குடம் குடமாக மஞ்சத்தண்ணி ஊற்றினார்கள். அந்தக் கெடாய் கல்லாட்டம் நின்றுகொண்டு, கழுத்தில் போட்ட மாலையைத் தானே இழுத்துத் தின்று முடித்தது. ஒரு ரோமம் அசையவில்லை. ஆடு வேண்டாமாம், கருப்பு சொல்லிவிட்டது என்றார் அரியமுத்து. அதற்கும் மறுநாள், வாளியில் உசுரோடு துள்ளிக்கொண்டிருந்த விராலைக் கொண்டு வந்தார். இது கானாங்கெளுத்தியா என்று அரியமுத்து கேட்டார். சாமிக்கு மீனில் என்ன வித்தியாசம் தெரியப் போகிறது என்று ராசாங்கம் வாயை விட்டுவிட்டார்.

அரியமுத்துவுக்கு வந்ததே கோபம். இந்த அரியலூர் மண்ணில் எங்கே தோண்டினாலும் கல்லாய்ப் போன நத்தையும் சிப்பியும் வருகிறதே, எதனால் என்று கேட்டார். ஒரு காலத்தில் இதெல்லாம் கடல். அந்தக் கடலுக்கே காவல் நின்றவர் கருப்பு. அவருக்கு ஆத்து மீன் எது, கடல் மீன் எது என்று தெரியாதா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கே தெரிகிறது. ராசாங்கம் விராலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

விஷயம் ரெட்டிபாளையத்துக்கு எட்டியது. சின்னப்பிள்ளை போனில் கூப்பிட்டு, கோபமில்லாமல்தான் சொன்னார். கலையரசியை அவருக்கும் பிடித்திருக்கிறதாம். ஆனால் குலசாமிக்கு நேர்ந்ததை நிறுத்தி வைத்துக்கொண்டு அந்த வீட்டுப் பெண் கழுத்தில் தன் மகன் தாலி கட்டினால், நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது. சாமி பத்திரிகையை ஏற்கட்டும், பிறகு பந்தக்கால் ஊன்றலாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்தது.

அன்றைக்கு ராத்திரிச் சோறு யாருக்கும் இறங்கவில்லை. இருசம்மாள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். கலையரசிதான் போனை எடுத்து, கும்பகோணம் மார்க்கெட்டுக்குச் சரக்கு அனுப்புகிற கடற்கரை ஆட்களின் நம்பரை அப்பாவிடம் வாங்கி, ஒவ்வொருவராகக் கேட்டாள். கடைசியில் தரங்கம்பாடிக்கு வடக்கே ஒரு குப்பத்தில் கரைவலை இழுக்கிற தங்கராசு என்பவர் கிடைத்தார். முதலில் அவர் சிரித்தார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு, வந்து பாருங்கள் என்றார்.

சக்தி என்ற பையன் ஊரில் குட்டி யானை என்கிற சின்ன சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் வண்டியில் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தண்ணித் தொட்டி ஒன்றை மேல்பாதியை அறுத்து ஏற்றினார்கள். அந்தத் தொட்டி உருண்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று தங்கராசு போனிலேயே சொல்லியிருந்தார். ராசாங்கமும் கலையரசியும் சக்தியோடு மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்தார்கள்.

தங்கராசு அவர்களை மணலில் உட்கார வைத்து, கானாங்கெளுத்தியைப் பற்றி ஒரு பாடமே நடத்தினார். இருபத்திரண்டு வருடம் அந்த மீனை விற்றவருக்கு அதில் பாதி தெரியாது. மற்ற மீன் மாதிரி அது ஓரிடத்தில் நின்று செவுளை அசைத்து மூச்சு விடாது. வாயைத் திறந்துகொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். ஓடினால்தான் தண்ணீர் வாய்க்குள் புகுந்து செவுள் வழியாகப் போகும். மூச்சும் அதில்தான், சாப்பாடும் அதில்தான். தண்ணீரில் மிதக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி பொட்டுகளைச் செவுளில் இருக்கிற சல்லடை வடிகட்டி வைத்துக்கொள்ளும். தூங்கும்போதும் நிற்காது. மூலையுள்ள தொட்டியில் விட்டால் மூலையில் முட்டி நின்றுவிடும், நின்றால் செத்துவிடும். அதனால்தான் உருண்டைத் தொட்டி.

"இன்னொன்னு. தனியா ஒண்ண மட்டும் கொண்டு போவ முடியாது" என்றார் தங்கராசு. "கூட்டத்துலயே பொறந்து கூட்டத்துலயே போற சாதி அது. ஒத்தையா விட்டா மெரண்டே செத்துரும். சாமிக்கு ஒண்ணுன்னாலும், துணைக்குப் பத்து வேணும்."

கையால் தொடக் கூடாது, செதில் உதிர்ந்துவிடும் என்றார். வண்டி ஓடுகிற நேரம் முழுக்க ஒரு ஆள் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று தண்ணீரை ஒரே பக்கமாகச் சுற்றிவிட வேண்டும் என்றார். இவ்வளவும் செய்தாலும் போய்ச் சேருமா என்று ராசாங்கம் கேட்டார். தங்கராசு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார்.

மறுநாள் விடியற்காலை வலை இழுத்தார்கள். கரையில் ரெண்டு பக்கமும் இருபது இருபது பேர் நின்று கயிற்றை இழுக்க, வலை இடுப்பளவு தண்ணீருக்கு வந்ததும் உள்ளே கொதித்தது. ராசாங்கம் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கினார். இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். மீன்களின் முதுகு பச்சையும் நீலமுமாக மின்னியது, அதன்மேல் கறுப்புக் கோடுகள், வயிறு வெள்ளித் தகடு. அவர் பெட்டியில் கிடந்ததெல்லாம் சாம்பல் நிறம். இத்தனை வருடம் தான் விற்ற மீனை இன்றைக்குத்தான் பார்க்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தது. தங்கராசு ஒரு வாளியைத் தண்ணீருக்குள் முக்கி, மீன் தானாக உள்ளே நீந்தி வரும்படி மொண்டு மொண்டு தொட்டிக்குள் விட்டார். பதினாலு மீன்.

கல்யாணச் சமையலுக்கென்று வாடகைக்கு எடுத்திருந்த நீளத் துடுப்பைக் கலையரசி கொண்டு வந்திருந்தாள். குட்டி யானையின் பின்னால் ஏறி நின்று, துடுப்பைத் தொட்டிக்குள் விட்டு, தண்ணீரைச் சுற்ற ஆரம்பித்தாள். ராசாங்கம் மறுபக்கம் தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். வண்டி கிளம்பியது.

மயிலாடுதுறை வருவதற்குள் மூணு போய்விட்டது. ஒவ்வொரு வேகத்தடையிலும் கடல் தண்ணீர் எழும்பி இருவரையும் குளிப்பாட்டியது. சக்தி முன்னாலிருந்து, மெதுவா போகவா வேகமா போகவா என்று கேட்டுக்கொண்டே வந்தான். மெதுவாகப் போனால் நேரமாகும், வேகமாகப் போனால் தண்ணீர் சிந்தும், எது மீனுக்கு நல்லது என்று யாருக்கும் தெரியவில்லை. கும்பகோணத்துக்கு வெளியே போலீஸ்காரர் ஒருவர் கை காட்டினார். ராசாங்கம் இறங்கிப் போய், கருப்பு, வேண்டுதல், துலுக்குவது, மூச்சு என்று எல்லாவற்றையும் சொன்னார். போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். வண்டி நின்றுவிட்டதால் கலையரசி ரெட்டை வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, துடுப்பை வாங்கி நாலு சுற்றுச் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். தனக்கும் ஒரு மகள் இருக்கிறாள் என்று மட்டும் சொன்னார்.

நீலத்தநல்லூர் பாலத்தில் ஏறும்போது எட்டு மீன் இருந்தது. கலையரசியின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. ராசாங்கம் துடுப்பைக் கேட்டார். அவள் கொடுக்கவில்லை. அவர் இழுத்தார். இவ்வளவு கஷ்டப்பட்டு இந்தக் கல்யாணம் நடக்க வேண்டுமா, விடும்மா, வேறு இடம் பார்க்கலாம் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லி வைத்தார். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார்.

"எனக்கு அவரப் புடிச்சிருக்குப்பா" என்றாள் கலையரசி, தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "தெனமும் போன் பண்றாரு. எங்கிட்ட வாடை அடிக்குதான்னு ஒரு தடவ நானே கேட்டேன். அப்புடின்னா என்னன்னு கேட்டாரு."

ராசாங்கம் தொட்டியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். ஒவ்வொரு மீனாக எண்ணிக்கொண்டே வந்தார்.

கோயிலுக்கு வண்டி வந்தபோது பதினோரு மணி. கானாங்கெளுத்தி உசுரோடு வருகிறதாம் என்று கேள்விப்பட்டு ஊரே வேப்ப மரத்தடியில் நின்றது. சின்னப்பிள்ளை ரெட்டிபாளையத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எட்டுப் பேர் சேர்ந்து தொட்டியைத் தண்ணீரோடு இறக்கினார்கள். உள்ளே ஐந்து மீன் சுற்றிக்கொண்டிருந்தது. கலையரசியும் இறங்கி, தொட்டி ஓரமாக நின்று சுற்றிக்கொண்டே இருந்தாள். ராசாங்கத்திடம் இருபது வருடமாக மீன் வாங்குகிறவர்கள் வரிசையாக வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இதுதான் அதுவா என்று அவரிடமே கேட்டார்கள்.

அரியமுத்து குளித்து, ஈர வேட்டியோடு, மஞ்சத்தண்ணிச் சொம்பும் அருவாளுமாக வந்தார். தொட்டிக்குள் தெளித்தார். மீன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மறுபடியும் தெளித்தார். மீன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அப்போதுதான் ஊருக்கே ஒரு சந்தேகம் வந்தது. தெளிப்பதற்கு முன்னாலும் உடம்பை ஆட்டுகிறது, தெளித்த பின்னாலும் ஆட்டுகிறது. எந்த ஆட்டம் துலுக்கல்? ஒருவர், இது எந்நேரமும் துலுக்குகிற உசுரு, ஆகவே எந்நேரமும் சம்மதம் என்றார். இன்னொருவர், அப்படியானால் இது நின்றால்தான் சம்மதம் என்றார். நின்றால் செத்துவிடுமே என்றாள் கலையரசி. செத்ததை வெட்டக் கூடாதே என்றார் சின்னப்பிள்ளை.

வெளியே எடுத்துப் பார்க்கலாம் என்று முடிவானது. ஒன்றை மொண்டு இலையில் விட்டார்கள். இலையில் விழுந்த வேகத்தில் அது படபடவென்று துள்ளியது. துலுக்கிவிட்டது என்று இருசம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அரியமுத்து கையை உயர்த்தினார். தான் இன்னும் தண்ணீரே தெளிக்கவில்லை, தெளிக்காமல் துள்ளுவது செல்லாது என்றார். துள்ளல் அடங்கட்டும் என்று காத்திருந்தார்கள். அடங்கியது. தெளித்தார். அது அடங்கியது அடங்கியதுதான்.

ரெண்டாவதில் அவசரம் காட்டினார்கள். துள்ளி ஓய்கிற அந்த நொடியைப் பார்த்துத் தெளிக்க வேண்டுமென்று அரியமுத்து சொம்பைச் சாய்த்துப் பிடித்தபடி குனிந்து நின்றார். நொடி வந்தது, போனது, யாருக்கும் தெரியவில்லை. மூணாவதை இருசம்மாளே பிடித்தாள், நழுவி மண்ணில் விழுந்தது. நாலாவது யாரும் தொடாமலே, துணை குறைந்த பயத்திலோ என்னவோ, தொட்டிக்குள்ளேயே வயிறு மேலாக மிதந்தது.

ஒன்று மிச்சம் இருந்தது. ராசாங்கம் சின்னப்பிள்ளையைப் பார்த்தார். அந்த அம்மாள் பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை, அந்த ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டு, அது போகிற வேகத்துக்குத் துடுப்பை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தாள். இது செத்தால் மகளுக்கு மாப்பிள்ளை கிடையாது என்பது அவருக்குப் புரிந்தது. தெய்வமே, என் நாக்கை வேண்டுமானால் அறுத்து எடுத்துக்கொள், இந்த மீனை மட்டும் விட்டு வை என்று வேண்டிக்கொண்டார். வேண்டிக்கொண்டதும் ஐயோ, இதையும் யாராவது கேட்டிருப்பார்களோ என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

அரியமுத்துவுக்கும் வேர்த்துவிட்டது. கல்யாணம் நின்றால் பழி தன் தலையில்தான் விழும் என்று அவருக்கும் தெரியாதா. ஒரு வழி சொன்னார். தண்ணீருக்குள்ளேயே மீனை ஒரு கையால் பிடித்து, மேலே தூக்கின அதே மூச்சில் மறு கையால் தெளிப்பது. அருவாளை ராசாங்கத்திடம் கொடுத்தார். துலுக்கியதும் ஒரே வெட்டு, நேரம் எடுக்கக் கூடாது என்றார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு தொட்டி மேல் கவிழ்ந்தார்.

மீன் கையில் சிக்கவில்லை. அது சுற்றிய பக்கம் அரியமுத்துவும் சுற்றினார். வயது அறுபத்தெட்டு, வெறும் வயிறு, உச்சி வெயில். ஒன்பதாவது சுற்றில் கண் இருட்டியிருக்க வேண்டும். ரெண்டு கையையும் ஒன்றாக நீட்டி ஒரு பாய்ச்சல் பாய்ந்தார். தலையும் தோளும் கடல் தண்ணீருக்குள் போக, கால் ரெண்டும் வேப்பங் கொப்பைப் பார்த்து நின்றது. கையிலிருந்து எகிறிய சொம்பு மேலே போய்க் கவிழ்ந்து மஞ்சத்தண்ணி முழுக்க அவர் முதுகிலேயே கொட்டியது. காலைப் பிடித்து இழுத்து வெளியே நிறுத்தினார்கள். மூக்கு வழியாகவும் காது வழியாகவும் உப்புத் தண்ணீர். மனுஷன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரு உலுக்கு உலுக்கினார்.

பிடித்து நிறுத்தியவர்கள் கையை எடுத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனார்கள்.

"துலுக்கிருச்சு" என்றார் சின்னப்பிள்ளை.

இருசம்மாள் குலவை போட்டாள். கூடவே நாலு பொம்பளைகள் போட்டார்கள். போடப் போட ஒவ்வொருவராக யோசித்து ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். மஞ்சத்தண்ணி ஊற்றியாகிவிட்டது. துலுக்கியும் ஆகிவிட்டது. சாமி ஏற்றுக்கொண்ட உசுரு எது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

"துலுக்குனா வெட்டணும்" என்றார் சின்னப்பிள்ளை, யாரிடமும் குறிப்பாகச் சொல்லாமல். "எங்க ஊருலயும் அதுதான் மொறை. துலுக்குனத விட்டுட்டா குத்தமாயிரும்."

ராசாங்கம் தன் கையைப் பார்த்தார். அருவாள் இருந்தது. அரியமுத்துவைப் பார்த்தார். அரியமுத்துவும் அருவாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் அந்த இடத்தில் நின்று ஆடுகளைப் பார்த்திருக்கிறார், அருவாளை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தது அன்றைக்குத்தான். ராசாங்கம் நல்ல மனுஷன், கொசுவைக்கூட யோசித்துத்தான் அடிப்பார். ஆனாலும் அந்த நேரத்தில், மகள் முகம் ஒரு கணம் கண்ணில் வந்துபோன நேரத்தில், அவர் கை அருவாளின் பிடியை ஒரு தடவை சரிசெய்துகொண்டது. அதை அரியமுத்து பார்த்துவிட்டார்.

பார்த்ததும் மனுஷனுக்கு எங்கிருந்துதான் அத்தனை சுறுசுறுப்பு வந்ததோ. ஓடிப்போய்த் தாம்பாளத்தை எடுத்தார், பத்திரிகையைக் கருப்பு காலடியில் வைத்தார், கற்பூரத்தைக் கொளுத்தினார், ரெண்டு குடும்பத்துக்கும் நெற்றி நிறையத் திருநீறு பூசினார். கருப்பு தன் மேலேயே இறங்கி வந்து சம்மதம் சொல்லிவிட்டார் என்றார். சாமி வந்து இறங்கின உடம்பு சாமியின் சொத்து, அதில் கத்தி படக் கூடாது, வேண்டுதல் முடிந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, ராசாங்கத்தின் கையிலிருந்த அருவாளைப் பதமாக வாங்கிப் பூசைச் சாமான் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். சாவியை மடியில் கட்டிக்கொண்டார். சின்னப்பிள்ளை நெற்றித் திருநீற்றைச் சரிசெய்துகொண்டார். பிறகு, முறைப்படி நடந்ததில் சந்தோஷம் என்று சொல்லி, பன்னிரண்டரை பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

கூட்டம் கலைந்தது. கலையரசி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தாள். விடும்மா, முடிஞ்சிருச்சு என்றார் ராசாங்கம். விட்டா செத்துரும்ப்பா என்றாள் அவள். செத்தால் சாகட்டும், மீன்தானே என்று சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. துடுப்பை வாங்கிக்கொண்டு, போய் ஒரு வாய் சாப்பிடு என்று அனுப்பிவிட்டுத் தானே சுற்ற ஆரம்பித்தார்.

இருசம்மாள் வந்து கத்திப் பார்த்தாள். ஆறு நாளில் கல்யாணம், முந்நூறு வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வேண்டும், இங்கே நின்று தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தால் எப்படி என்றாள். அவர் கேட்கவில்லை. அதனால் அன்றைக்கு ஊர்க்காரர்கள் தொட்டிக்கே வந்து பத்திரிகை வாங்கிப் போனார்கள். அவர் இடது கையால் சுற்றிக்கொண்டே, வலது கையால் பத்திரிகையை எடுத்துக் கொடுத்து, குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் இப்படியே போனது.

கலையரசி டீயோடு திரும்பி வந்து தொட்டிக்குள் பார்த்தாள். மீன் பக்கவாட்டில் சாய்ந்து, தண்ணீர் போகிற போக்கில் வட்டம் வந்துகொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. கண்ணில் ஒன்றும் இல்லை.

"அப்பா, செத்துருச்சுப்பா."

"தெரியும்மா" என்றார் ராசாங்கம். "நாலு மணிக்கே போயிருச்சு."

பின்னே ஏன் சுற்றுகிறீர்கள் என்று கேட்டாள். மீன் ஒரு வட்டம் முடித்து அவர் பக்கம் வந்தது, தாண்டிப் போனது.

"நிறுத்துனா வூட்டுக்குப் போவணும்" என்றார். "போனா பந்தக்கால் ஊனணும். ஊனிட்டா நீ போயிருவ."

பதினைந்து பேர் வந்து போன அத்தனை வருடமும், இவள் எப்போது போவாள் எப்போது போவாள் என்று ஏங்கின மனுஷன் அவர். கண்ணில் நீர் பொலபொலவென்று கொட்டியது. துடைப்பதற்குக் கை ஓய்வாக இல்லை.

கலையரசி டீயைத் தொட்டி விளிம்பில் வைத்தாள். துடுப்பை அவரிடமிருந்து வாங்கி, வீங்கின கையாலேயே இன்னும் கொஞ்ச நேரம் சுற்றினாள்.